அயர்லாந்து தந்த அறுவை மருத்துவர் டாக்டர் ஜேம்ஸ் பாரி



பரிசளிப்பு விழாவன்று மேடை ஏறிப் புத்தகமும் கோப்பையும் வாங்கும் பிள்ளைகளைப் பார்த்து நாமெல்லாம் கை தட்டி மகிழ்கிறோம். அந்தப் பரிசுக்குப் பின்னால் தாய் தகப்பன் பட்ட பாடு எவ்வளவு என்பது நமக்குத் தெரியும். விடியற்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் பிள்ளைக்குச் சோறு கட்டி வைத்துவிட்டுப் போன தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள். படிப்பு சும்மா வருவதில்லை. அதற்கு ஒவ்வொருவரும் ஒரு விலை கொடுக்கத்தான் வேண்டும்.

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்னே, அயர்லாந்து நாட்டில் பிறந்த ஒருவர் படிப்புக்காகக் கொடுத்த விலையைக் கேட்டால் நீங்கள் மலைத்துப் போவீர்கள். தம் பெயரைக் கொடுத்தார். பெற்ற தாயைத் தாய் என்று சொல்லும் உரிமையைக் கொடுத்தார். 50 ஆண்டுக்கு மேல் ஒரு பெரிய இரகசியத்தை நெஞ்சில் சுமந்தார். அதற்குப் பதிலாக உலகம் ஓர் ஒப்பற்ற அறுவை மருத்துவரைப் பெற்றது. அவர்தான் டாக்டர் ஜேம்ஸ் பாரி. அவருடைய வரலாற்றைச் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள். பெண் பிள்ளையைப் பெற்றவர்கள் கட்டாயம் படியுங்கள்.

கார்க் நகரத்துப் பெண் பிள்ளை

அயர்லாந்தின் தென்பகுதியில் கார்க் என்று ஒரு துறைமுக நகரம் இருக்கிறது. அங்கே 1789-ஆம் ஆண்டையொட்டி, பல்க்லி என்ற குடும்பத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மார்கரெட் ஆன் என்று பெயர் வைத்தார்கள். தகப்பனாருக்குச் சரக்கு எடை போடும் சாவடியில் உத்தியோகம். ஜான் என்று ஓர் அண்ணனும் உண்டு.

வசதியாக இருந்த குடும்பம் நொடித்துப் போயிற்று. தகப்பனாருக்கு வேலை போனது. இருந்த சொத்தில் பெரும் பகுதியை மகனுடைய படிப்புக்கும் திருமணத்துக்கும் செலவழித்துவிட்டார்கள். கடன்பட்டுத் தகப்பனார் சிறைக்கும் போனார். தாயும் மகளும் கையில் காசில்லாமல் தெருவில் நின்றார்கள். ஆண் பிள்ளைக்கு எல்லாம், பெண் பிள்ளைக்கு மிச்சம் மீதி என்ற கணக்கு நம் ஊரில் மட்டும் இருந்த கணக்கு இல்லை, பார்த்தீர்களா?

தாயின் உடன்பிறந்த அண்ணன் ஒருவர் இலண்டனில் இருந்தார். அவர் பெயரும் ஜேம்ஸ் பாரிதான். பெயர் பெற்ற ஓவியர். அரசக் கலைக்கழகத்தில் ஓவியப் பேராசிரியராக இருந்தவர். தாயும் மகளும் அவரிடம் உதவி கேட்டுப் போனார்கள். அவர் உயிரோடு இருந்தவரை பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. 1806-ல் அவர் காலமானார். அவர் விட்டுச் சென்ற பணத்தில் ஒரு பங்கு இவர்களுக்குக் கிடைத்தது. பணத்தைவிடப் பெரிய உதவி அவருடைய நண்பர்களின் பழக்கம். பக்கன் பிரபு என்ற அறிஞர் ஒருவர். தென் அமெரிக்காவின் வெனிசுவேலா நாட்டு விடுதலைக்குப் பாடுபட்ட ஜெனரல் மிராண்டா இன்னொருவர். மிராண்டாவின் வீட்டில் ஆயிரக்கணக்கான புத்தகங்கள் இருந்தன. அந்தப் பெண்ணின் அறிவைப் பார்த்து இவர்கள் வியந்தார்கள்.

ஆனால் வியந்து என்ன பயன்? அந்தக் காலத்தில் எந்தப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகமும் பெண்ணைச் சேர்க்காது. படித்த ஏழைப் பெண் பணக்காரர் வீட்டுக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். மருத்துவம் படிப்பதா? அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

பெயர் மாறியது

1809-ஆம் ஆண்டு நவம்பர் கடைசியில் இலண்டனிலிருந்து ஸ்காட்லாந்து நோக்கி ஒரு கப்பல் புறப்பட்டது. அதில் ஏறிய அம்மையார் மார்கரெட்டின் தாய். அவருடன் ஏறியவர் ஓர் இளைஞன். பெயர் ஜேம்ஸ் பாரி. மார்கரெட் என்ற பெயர் அன்றோடு மறைந்தது.

எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் பாரி மருத்துவ மாணவராகச் சேர்ந்தார். கூட வந்த தாயை மற்றவர்களிடம் தம் அத்தை என்று சொல்ல வேண்டியதாயிற்று. எண்ணிப் பாருங்கள்! ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பெற்றவளை அம்மா என்று பிறர் காதுபடக் கூப்பிட முடியாத நிலை!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பெண்ணாகப் பிறந்தவரை இனி என்னவென்று குறிப்பது? ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் இதில் குழம்பிப் போகிறார்கள். நமக்குக் கவலை இல்லை. தமிழில் ‘அவர்’ என்ற மரியாதைச் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அவர் கடைசிவரை தம்மை ஜேம்ஸ் பாரி என்றே சொல்லிக்கொண்டார். நாமும் அப்படியே அழைப்போம்.

படிப்பில் அவர் கெட்டிக்காரர். உடல் அறுத்துப் படிக்கும் பாடம், அறுவைப் பாடம், பேறுகால மருத்துவம் எல்லாவற்றையும் கருத்தூன்றிப் படித்தார். இறுதித் தேர்வு வந்தது. மீசை முளைக்காத முகமும் மெல்லிய குரலும் குள்ளமான உருவமும் பார்த்து, இவன் சின்னப் பையன், தேர்வு எழுதும் வயது ஆகவில்லை என்று பல்கலைக்கழகத்தார் தடை போட்டார்கள். பக்கன் பிரபு குறுக்கிட்டுப் பேசியதால் தடை நீங்கியது. 1812-ல் பாரி மருத்துவப் பட்டம் பெற்றார். ஆராய்ச்சிக் கட்டுரையை இலத்தீன் மொழியில் எழுதினார். தொடை இடுக்கில் குடல் இறங்கும் நோயைப் பற்றியது அது. அந்த நோய் ஆண்களைவிடப் பெண்களுக்கே மிகுதியாக வரும்.

பிறகு இலண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் போன்ற பெரிய அறுவை மருத்துவர்களிடம் பயின்றார். 1813-ல் அறுவை மருத்துவர் கல்லூரியின் தேர்விலும் வெற்றி பெற்று, பிரிட்டிஷ் இராணுவ மருத்துவத் துறையில் சேர்ந்தார்.

படித்து முடித்ததும் மிராண்டாவின் வெனிசுவேலாவுக்குப் போய், அங்கே பெண் மருத்துவராகவே வாழலாம் என்ற திட்டம் முதலில் இருந்திருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். அந்தக் கதவும் அடைபட்டது. மிராண்டா 1812-ல் எதிரிகளிடம் பிடிபட்டு, 1816-ல் ஸ்பெயின் நாட்டுச் சிறையில் மாண்டார். போட்ட வேடத்தைக் கலைக்க இடமில்லாமல் போயிற்று.

நன்னம்பிக்கை முனையில்

1816-ல் பாரி தென் ஆப்பிரிக்காவின் கேப் டவுன் நகருக்கு அனுப்பப்பட்டார். ஆளுநர் சோமர்செட் பிரபுவின் குடும்பத்துக்கு மருத்துவம் பார்த்து நம்பிக்கை பெற்றார். 1822-ல் அந்தக் குடியேற்ற நாட்டின் மருத்துவ மேற்பார்வையாளர் பதவி கிடைத்தது.

பெரிய பதவி கிடைத்தால் சிலர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். இவர் அப்படியா? இல்லை. சிறைச்சாலைக்குள் போய்ப் பார்த்தார். தொழுநோயாளிகளைக் கொண்டுபோய் ஒதுக்கி வைத்திருந்த இடத்துக்குப் போனார். மனநோயாளிகள் இருந்த அறைகளையும் பார்த்தார். அழுக்கு, நாற்றம், பட்டினி! யாரும் எட்டிப் பார்க்காத இடங்கள் அவை.

அவர் உத்தரவு போட்டார். தொழுநோயாளிகளைக் குற்றவாளிபோல நடத்தக் கூடாது, நோயாளியாக நடத்த வேண்டும். குளிக்க வேண்டும், துணியும் படுக்கையும் சுத்தமாக இருக்க வேண்டும். பாலும் காய்கறியும் உணவில் சேர வேண்டும். நல்ல தண்ணீர் வேண்டும். இன்றைக்கு இது நமக்குச் சாதாரணமாகத் தெரியும். கிருமி என்றால் என்னவென்றே மருத்துவ உலகம் அறியாத காலம் அது என்பதை மறக்கக் கூடாது.

இன்னொரு வேலையும் செய்தார். மருந்து என்று சொல்லிக் கண்டதையும் விற்றுக் காசு பறித்த போலிகளைத் தடுத்தார். படித்துத் தேறியவர்தான் மருந்து விற்கலாம் என்று கண்டிப்புக் காட்டினார். வியாபாரிகள் சும்மா விடுவார்களா? பகை வளர்ந்தது. இவரும் வாயை அடக்குகிறவர் இல்லை. முன்கோபம் அதிகம். ஓர் இராணுவ அதிகாரியோடு துப்பாக்கிச் சண்டை வரைக்கும் போய்விட்டார். நல்லவேளையாக இருவரும் பிழைத்தார்கள், பிற்பாடு நண்பர்களாகவும் ஆனார்கள். 1825-ல் சிறைக்கைதி ஒருவர் விஷயமாக அதிகாரிகளோடு மூண்ட பூசலில் அந்தப் பெரிய பதவி போயே போயிற்று. ஆனாலும் மருத்துவராக அங்கேயே பணி செய்தார்.

இரண்டு உயிர்

1826-ஆம் ஆண்டு ஜூலை மாதம். கேப் டவுனில் முன்னிக் என்ற வணிகருடைய மனைவிக்குப் பேறுகால வலி. பிள்ளை பிறக்க வழியில்லை. தாயும் தளர்ந்துவிட்டாள். பாரிக்கு ஆள் போயிற்று.

வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுப்பது ஒன்றுதான் வழி. இன்று ‘ஆப்பரேஷன் செய்து பிள்ளை எடுத்தார்கள்’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். அன்று அப்படி இல்லை. மயக்க மருந்து கிடையாது. ஈதர் கொடுத்து மயக்கும் முறை பரவியது 1846-க்குப் பிறகுதான். புண் சீழ் பிடிக்காமல் காக்கும் முறையை லிஸ்டர் என்ற மருத்துவர் உலகுக்கு அறிவித்தது 1867-ல்தான். இரத்தம் ஏற்றவும் வழியில்லை. இந்த அறுவைக்கு ஆளான தாய்மார் பெரும்பாலும் இறந்தே போனார்கள். அதனால் நல்ல மருத்துவர்கள்கூட அந்தக் கத்தியைத் தொட அஞ்சினார்கள்.

பாரி அஞ்சவில்லை. உணர்வோடு இருக்கும் தாயின் வயிற்றில் கத்தி வைக்க வேண்டும். ஒரு நொடி கை நடுங்கினாலும் இரண்டு உயிர் போய்விடும். விரைவாகவும் பதறாமலும் செய்தார். ஆண் குழந்தை உயிரோடு வந்தது. தாயும் பிழைத்தாள்!

தாயும் சேயும் இருவருமே பிழைத்ததாகப் பதிவான சிசேரியன் அறுவைகளில், பிரிட்டிஷ் பேரரசிலேயே முதன்மையானவற்றுள் ஒன்றாக வரலாற்று ஆசிரியர்கள் இதைக் குறிக்கிறார்கள். நன்றி மறவாத பெற்றோர் குழந்தைக்கு ஜேம்ஸ் பாரி முன்னிக் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் வழிவழியாக வந்தது. 1924 முதல் 1939 வரை தென் ஆப்பிரிக்காவின் பிரதமராக இருந்த ஹெர்ட்சோக்கின் முழுப் பெயர் என்ன தெரியுமா? ஜேம்ஸ் பாரி முன்னிக் ஹெர்ட்சோக்!

அன்று அந்த வீட்டில் நின்றவர்கள் எவருக்கும் தெரியாது, பெண்ணுக்குப் பேறு பார்த்த அந்த இராணுவ அதிகாரியும் பெண்ணாகப் பிறந்தவர் என்பது.

ஊர் ஊராக

பிறகு பாரியின் வாழ்வு கடலும் கப்பலுமாகக் கழிந்தது. 1828-ல் மொரீசியஸ் தீவு. மறு ஆண்டு சோமர்செட் பிரபு நோயுற்றார் என்று கேள்விப்பட்டு, விடுப்புகூட எடுக்காமல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார். 1831-ல் பிரபு கண் மூடும்வரை அருகிருந்து கவனித்தார். அதே ஆண்டு ஜமைக்கா. 1836-ல் செயிண்ட் ஹெலினா தீவு. அங்கே ஏழைகளின் மருத்துவமனைக்குப் பொருள் கேட்டு, மேலதிகாரிகளைத் தாண்டி நேரே இலண்டனுக்கு எழுதினார். அதற்காக இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். குற்றமற்றவர் என்று தீர்ப்பாகி வெளியே வந்தார். ஆனால் பூசல் ஓயவில்லை. 1838-ல் பதவி இறக்கப்பட்டு ஊர் திரும்பினார்.

விழுந்தவர் மறுபடி எழுந்தார். மேற்கிந்தியத் தீவுகளில் பணி செய்தபோது 1845-ல் மஞ்சள் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. பிழைத்தார். 1846-ல் மால்ட்டா. அங்கே 1850-ல் வந்த வாந்திபேதிக் கொள்ளை நோயை எதிர்த்துப் போராடினார். மறு ஆண்டு கிரேக்கக் கரையோரத்துக் கார்ஃபு தீவுக்கு மாற்றலாகி, அங்கே உயர் பதவி பெற்றார்.

பார்ப்பதற்கு எப்படி இருப்பார்? உயரம் ஐந்தடி அளவுதான். உயரமாகத் தெரியக் காலணியின் அடியைத் தடிப்பாக்கிக்கொள்வார். தோளில் பஞ்சு வைத்துத் தைத்த சட்டை போடுவார். இறைச்சி தின்ன மாட்டார். மது தொட மாட்டார். போகிற ஊருக்கெல்லாம் பாலுக்காக ஓர் ஆட்டையும் கூட்டிப் போவார். சைக்கி என்ற ஒரு சின்ன நாயும் உண்டு. யாரையும் மிக நெருங்க விடமாட்டார். நோயாளியிடம் மட்டும் பரிவாக நடப்பார். அதிகாரியிடம் சீறுவார். அவரைப் பற்றிச் சொன்னவர்கள் பலரும் இந்த இரண்டையும் சொல்லியிருக்கிறார்கள்.

1853-ல் கிரிமியப் போர் மூண்டது. காயம்பட்ட வீரர்களைக் கார்ஃபுவுக்கு வரவழைத்துப் பாரி சிகிச்சை அளித்தார். மற்ற இடங்களில் வீரர்கள் நோயிலும் அழுக்கிலும் கூட்டம் கூட்டமாகச் செத்த நேரத்தில், இவரிடம் வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள். சுத்தமும் காற்றும் நல்ல உணவுமே காரணம். விடுப்பு எடுத்துக்கொண்டு போர்முனைக்கும் போய் வந்தார். அப்போது ஸ்கூட்டாரி மருத்துவமனையில் புகழ்பெற்ற நைட்டிங்கேல் அம்மையாரைச் சந்தித்தார். தாம் குதிரைமேல் இருந்தபடி, வெயிலில் நிற்க வைத்து அந்த அம்மையாரைக் கடிந்துகொண்டாராம். நைட்டிங்கேல் அதைக் கடைசிவரை மறக்கவில்லை. இருவருமே சுத்தத்துக்காகப் போராடியவர்கள். ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளாமலே பிரிந்துவிட்டார்கள்.

1857-ல் கனடாவில் மருத்துவமனைகளின் தலைமை ஆய்வாளரானார். இராணுவ மருத்துவர் எட்டக்கூடிய மிக உயர்ந்த பதவிகளில் அது ஒன்று. அங்கே போயும் அவர் பார்த்தது அடுப்படியையும் படுக்கையையும்தான்! தினமும் அவித்த இறைச்சியையே தின்று சலித்த வீரர்களுக்கு, மாற்றிச் சமைக்க அடுப்பு வேண்டும் என்றார். வைக்கோல் மெத்தையை எடுத்துவிட்டு நல்ல மெத்தையும் தலையணையும் வேண்டும் என்றார். மனைவி மக்களோடு இருப்பவர்களுக்குத் தனி இடம் வேண்டும் என்றார். ஒரே கூடத்தில் பல குடும்பங்கள் நெருக்கி வாழ்ந்தால் என்ன கஷ்டம் என்பதை லயத்து வாழ்க்கை கண்ட நம் பெரியவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

வெளிப்பட்ட இரகசியம்

கனடாவின் குளிரில் மார்புச் சளி கண்டு உடல் தளர்ந்தது. 1859-ல் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். 1865-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் நாள் இலண்டனில் வயிற்றுக்கடுப்பு நோயால் டாக்டர் பாரி காலமானார். உடலைக் கழுவாமல், உடுத்தியிருப்பதோடு அப்படியே அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆனால் உடலைக் கழுவ வந்த பணிப்பெண் உண்மையைக் கண்டுவிட்டாள். சில வாரங்களில் செய்தி பத்திரிகைகளில் வந்தது. நாடே திகைத்தது. கென்சல் கிரீன் இடுகாட்டில், ஜேம்ஸ் பாரி என்ற பெயரோடு அவர் உறங்குகிறார்.

நெடுநாள் வரை இது வெறும் வதந்தியா உண்மையா என்று வாதாடினார்கள். தென் ஆப்பிரிக்க மருத்துவர் மைக்கேல் டு பிரீஸ் என்பவர் பழைய கடிதங்களைத் தேடி எடுத்து ஆராய்ந்தார். 1809 டிசம்பரில் எடின்பரோவிலிருந்து மாணவர் பாரி குடும்ப வழக்கறிஞருக்கு எழுதிய கடிதம் ஒன்று. உள்ளே பாரியின் கையெழுத்து. அதை வாங்கிய வழக்கறிஞரோ, வெளிப்புறத்தில் செல்வி பல்க்லியின் கடிதம் என்று குறித்து வைத்திருந்தார்! கையெழுத்துகளும் ஒத்துப் போயின. 2008-ல் இந்த ஆய்வு வெளிவந்தது. கார்க் நகரத்து மார்கரெட்டும் டாக்டர் பாரியும் ஒருவரே என்பது உறுதியாயிற்று.

படிப்புக்காக மட்டும் வேடம் போட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். ஆணாக வாழ்வதே அவர் விரும்பித் தேர்ந்த வாழ்க்கை என்று வேறு சிலர் சொல்கிறார்கள். அவர் நெஞ்சில் இருந்ததை அவர் யாரிடமும் எழுதி வைத்துப் போகவில்லை. ஆனால் பெண்ணாகவே இருந்திருந்தால் அவருக்கு அந்தப் பட்டம் கிடைத்திருக்காது என்பதில் எவருக்கும் மாறுபாடு இல்லை.

நாம் எண்ண வேண்டியது

இதையும் கவனியுங்கள். பாரி இறந்த அதே 1865-ல், இரண்டே மாதம் கழித்து, எலிசபெத் காரெட் என்ற பெண்மணி பெண்ணாகவே இலண்டனில் தேர்வு எழுதி மருத்துவ உரிமம் பெற்றார். 1869-ல் பாரி படித்த அதே எடின்பரோவில் ஏழு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்கள்மீது சேற்றை வாரி இறைத்தார்கள். படிக்கவிட்டுப் பட்டம் கொடுக்க மறுத்தார்கள். 150 ஆண்டு கழித்து 2019-ல்தான் அப்பல்கலைக்கழகம் அவர்கள் பெயரில் பட்டம் வழங்கியது. அயர்லாந்திலும் 1893-ல் எமிலி வினிஃப்ரெட் டிக்சன் என்ற பெண்மணி அறுவை மருத்துவர் கல்லூரியின் முதல் பெண் உறுப்பாளரானார். பெயரை மாற்றவில்லை, வேடம் போடவில்லை.

பெற்றோர்களே, பாரியின் மூளை அறையில் பூட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முன்னிக் வீட்டுத் தாயும் பிள்ளையும் ஒரே குழியில் போயிருப்பார்கள். கார்ஃபுவில் பிழைத்த வீரர்கள் பிழைத்திருப்பார்களோ என்னவோ. அடுப்பூதும் பெண்ணுக்குப் படிப்பு எதற்கு என்று கேட்கும் பழைய பேச்சு அப்படி எத்தனை உயிரைக் குடித்ததோ, கணக்குப் பார்த்தவர் யார்?

ஆறாம் வகுப்போடு பொம்பளைப் பிள்ளையை நிறுத்தி, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வைத்த காலம் நம் தோட்டங்களிலும் இருந்தது. இடைநிலைப்பள்ளி தூரம், பஸ் இல்லை, ஊர் என்ன சொல்லும் என்று காரணம் பல. அந்தக் காரணங்கள் பொய் என்று நான் சொல்லவில்லை. கஷ்டம் கஷ்டம்தான். ஆனால் உங்கள் மகள் படிக்கப் பெயரை மாற்ற வேண்டியதில்லை. உங்களை அத்தை என்று சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக் கதவு திறந்தே இருக்கிறது. வீட்டுக் கதவை மட்டும் நீங்கள் திறந்துவிட்டால் போதும்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒன்று. பாரியின் கோபத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள், அது அவருக்கே பல முறை கேடாய் முடிந்தது. அவருடைய உழைப்பையும், எளியவர்க்காகப் பெரிய இடத்தில் பேசிய துணிவையும், சுத்தத்தில் காட்டிய கண்டிப்பையும் எடுத்துக்கொள்ளுங்கள். குடிக்கும் தண்ணீரை நன்றாகக் காய்ச்சுவதும், லயத்துக் கால்வாயில் குப்பை போடாமல் இருப்பதும் பாரிக்குச் செய்யும் மரியாதைதான்.

இன்று மேடை ஏறும் பெண் பிள்ளைகள் தங்கள் சொந்தப் பெயரைக் கூப்பிடக் கேட்டு, தாய் தகப்பன் கண் முன்னே பரிசு வாங்குகிறார்கள். டாக்டர் ஜேம்ஸ் பாரிக்கு வாழ்நாளில் ஒரு நாளும் கிடைக்காத பரிசு அது. அதன் அருமை தெரிந்து படியுங்கள். வாழ்க, வளர்க!